நோயாளர் தேவையும் செவிலியர் ஏடும்

முன்னுரை

நோய் தீர்த்தல் மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவுறும் செயலன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பணி புரிபவரையும் ஒரு கூறாக அவர் எண்ணுகிறார். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளை எடுத்துரைக்கிறார். தன் நோய்நிலையைப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றல் நோயாளியின் இயல்புகளுள் ஒன்று. நோயாளியிடத்து அன்பும், அறிவும் பணி புரிபவரின் இயல்புகளுள் அடங்குவன.

இவ்வுரையைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. தன் நிலையை உணர்த்தும் ஆற்றல் இல்லாத நோயாளி என் செய்வார்? பச்சிளங் குழந்தையும், நினைவிழந்தவரும், பக்கவாதத்தால் நாக்குழறியவரும், வெட்கத்தால் வாய் திறவாதவரும் மருத்துவமனைப் படுக்கைகளில் நாள்தோறும் இருக்கின்றனரே! இக்காலச் செவிலியர் கல்வி இவ்வினாவுக்கு விடை கண்டிருக்கிறது. உணர்த்தும் பொறுப்பை அது நோயாளியின் தோளிலிருந்து இறக்கி, உணர்ந்தறியும் பொறுப்பாகச் செவிலியரின் தோளில் ஏற்றியிருக்கிறது. செவிலியர் நோயாளரின் தேவைகளை எவ்வாறு கண்டறிகின்றனர், எவ்வாறு ஏட்டில் எழுதுகின்றனர், அவ்வெழுத்தில் மொழி வகிக்கும் இடம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் வேறு, தேவை வேறு

நோயும் தேவையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை தொடர்புடையன, ஆயினும் ஒன்றல்ல. இடுப்பெலும்பு முறிந்த இருவர் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடப்பதாகக் கொள்வோம். ஒருவர் இருபத்தைந்து வயது இளைஞர். மற்றவர் எழுபது வயது மூதாட்டி, நீரிழிவு உடையவர். மருத்துவர் எழுதும் நோய்ப்பெயர் இருவர்க்கும் ஒன்றே. ஆனால் இளைஞரைப் பெரிதும் வருத்துவது வேலை போய்விடுமோ என்னும் கவலையாக இருக்கலாம். மூதாட்டிக்கோ அசையாது கிடப்பதால் முதுகில் படுக்கைப்புண் வரலாம், மலச்சிக்கல் ஏற்படலாம், இரவில் இடம் புரியாமல் எழ முயன்று மீண்டும் விழலாம். எலும்பு ஒன்றாயினும் தேவைகள் வெவ்வேறாகின்றன.

மருத்துவர் கண்டறிவது நோயை. செவிலியர் கண்டறிவது அந்நோயால் அம்மனிதரின் அன்றாட வாழ்வில் நேர்ந்த குறையையும், இனி நேரக்கூடிய இடரையும். மூச்சுவிடுதல், உண்ணல், பருகல், கழித்தல், உறங்கல், அசைதல், உடுத்தல், பேசுதல் முதலிய செயல்களுள் எதனை இவர் தாமே செய்துகொள்வார், எதற்குத் துணை வேண்டும், எதனை முற்றிலும் பிறர் செய்துதர வேண்டும் என்று வரையறுப்பதே தேவையறிதல் எனலாம்.

வரலாற்றில் தேவையறிதல்

நோயாளரைப் படுக்கையருகே கூர்ந்து நோக்கி எழுதிவைக்கும் வழக்கம் பழமையானது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பாரசீக மருத்துவர் அர்-ராஸி தாம் பண்டுவம் செய்த நோயாளரைப் பற்றி எழுதிய குறிப்புகள், அவர் மறைவுக்குப் பின் 'அல்-ஹாவி' என்னும் பெருநூலில் தொகுக்கப்பெற்றன. ஆயினும் இவை மருத்துவரின் குறிப்புகள். செவிலியரின் கண் தனிக்கலையாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது புளோரன்சு நைட்டிங்கேல் செவிலியர் குழுவுடன் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே இறந்தோர் பற்றிய பதிவுகள்கூட ஒழுங்கின்றிக் கிடந்தன. எண்ணி எழுதாத இறப்பைத் தடுக்க வழியில்லை என்பதை அவ்வம்மையார் உணர்ந்தார். 1859-இல் அவர் வெளியிட்ட செவிலியர் கலை பற்றிய நூலில் நோயாளரைக் கூர்ந்து நோக்குதல் பற்றி ஓர் இயலையே அமைத்தார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்று கேட்பது பயனற்றது என்கிறார் அவர். எத்தனை மணி நேரம் உறங்கினார், இரவின் எப்பொழுதுகளில் உறங்கினார் என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும் என்பது அவர் கருத்து. தேவையறியும் கலையின் முதற்பாடம் இதுவே. விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்டலாகாது.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் செவிலியர் பணியின் அடிப்படைக் கூறுகளைப் பதினான்காக வகுத்தார். அவர் எழுதிய கையேட்டை உலகச் செவிலியர் பேரவை 1960-இல் வெளியிட்டது. மூச்சுவிடுதலில் தொடங்கும் அப்பட்டியலில், ஒருவர் தம் சமய நம்பிக்கைக்கேற்ப வழிபடுதலும் ஒரு தேவையாக இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. ரமளான் நோன்பு நோற்க விழையும் நீரிழிவு நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவர் விருப்பத்தைக் கேட்டறிந்து ஏட்டில் எழுதினால் மருத்துவர் அறிவுரை கூறவும், மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றியமைக்கவும் இயலும். கேட்காமல் விட்டால், அவர் யாருமறியாமல் உணவைத் தவிர்த்துவிட்டு இன்சுலினை மட்டும் ஏற்றுக்கொள்ளக்கூடும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். கேளாத ஒரு வினா எத்தகைய தீங்கில் முடியும் என்பதற்கு இது சான்று.

1967-இல் யூரா, வால்ஷ் என்னும் இருவர் எழுதிய நூல் செவிலியர் பணியை அறிதல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல் என நான்கு படிகளாக நிரல்படுத்தியது. அறிந்தவற்றை ஒரு முடிவாகச் சொல்லாக்கும் 'செவிலியர் கணிப்பு' பின்னர்த் தனிப்படியாக இணைந்து, படிகள் ஐந்தாயின. கணிப்புகளுக்குப் பொதுப்பெயர் சூட்டுவதற்கான முதல் மாநாடு 1973-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் கூடியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரோப்பர், லோகன், டியர்னி ஆகிய மூவர் 1980-இல் வெளியிட்ட நூலின்படி, பன்னிரண்டு வாழ்வியற் செயல்களை அடிப்படையாகக் கொண்டு தேவையறியும் முறை பரவியது.

நம் நாட்டிலும் இத்துறைக்கு நெடிய வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946-இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் இயற்றப்பெற்றது.

கண்டறியும் நால்வழி

தேவையறியும் வழிகளை நோக்கல், வினவல், தொட்டறிதல், அளத்தல் என நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது நோக்கல். நோயாளி வார்டுக்குள் நுழையும்போதே செவிலியரின் கண் பணியைத் தொடங்கிவிடுகிறது. நடந்து வருகிறாரா, தாங்கி வரப்படுகிறாரா? ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்குகிறதா? உதடு நீலம் பாரித்திருக்கிறதா? உணவுத் தட்டு தொடப்படாமல் இருக்கிறதா? இவை வாய் திறந்து சொல்லப்படாத செய்திகள்.

இரண்டாவது வினவல். ஆம், இல்லை என்று முடியும் வினாக்களைவிட, நோயாளியைப் பேசவைக்கும் வினாக்களே பயன் மிக்கவை. 'வலி இருக்கிறதா?' என்று கேட்டால் தலையசைப்பு மட்டுமே கிடைக்கும். 'எங்கே, எப்போது தொடங்கியது, எப்படி இருக்கிறது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது?' என்று கேட்டால் வலியின் வரலாறே கிடைக்கும்.

மூன்றாவது தொட்டறிதல். தோலின் வெப்பம், வீக்கம், வயிற்றின் இறுக்கம், நாடியின் துடிப்பு ஆகியவற்றைக் கை அறிகிறது. குதிகாலிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளிறாமல் நின்றால், அது படுக்கைப்புண்ணின் முதல்நிலை அறிகுறியாகும். கருமை நிறத் தோலில் இச்சிவப்பு எளிதில் புலப்படாது. அவ்விடத்து வெப்பத்தையும் தடிப்பையும் சூழ்ந்துள்ள தோலோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். இது நம் நாட்டுச் செவிலியர் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

நான்காவது அளத்தல். உடல்வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியன அளக்கப்படுகின்றன. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர்க்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருத்தல் இயல்பு. பருகிய நீரும் கழித்த நீரும் அளந்து எழுதப்படுகின்றன. வளர்ந்தவர் ஒருவர்க்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைந்துகொண்டே வருமாயின் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தனித்தனி அறிகுறிகளை எண்ணாக மாற்றும் அளவுகோல்களும் உள்ளன. படுக்கைப்புண் வரும் வாய்ப்பைக் கணிக்க 1962-இல் நார்ட்டன் குழுவினர் ஓர் அளவுகோலை அமைத்தனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழிருந்தால் இடர் மிகுதி என்பது கொள்கை. 1987-இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் ஊட்டத்தையும் தோலின் ஈரத்தையும் சேர்த்துக் கணிக்கிறது. நினைவுநிலையை அளக்க 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் டீஸ்டேல், ஜென்னட் ஆகியோர் வகுத்த அளவுகோல் கண் திறத்தல், பேசுதல், அசைத்தல் ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பிடுகிறது. அரைமயக்கம், ஆழ்மயக்கம் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் எழுதிவந்த குழப்பத்தை இவ்வெண் பெரிதும் நீக்கியது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. பேச்சை மதிப்பிடும் வினா நோயாளியின் தாய்மொழியில் கேட்கப்பெறல் வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்தவரிடம் வேற்றுமொழியில் நாளும் இடமும் கேட்டு, அவர் விழிப்பதைக் கண்டு மதிப்பெண் குறைப்பது அளவுகோலின் பிழையன்று, அளப்பவரின் பிழை.

அறிந்ததைச் சொல்லாக்கல்

கண்டறிந்த செய்திகள் குவியலாகக் கிடந்தால் பயனில்லை. அவற்றைத் தேவையாகச் சொல்லாக்க வேண்டும். இதற்குச் செவிலியர் கல்வி மூன்று உறுப்புடைய ஒரு வாய்பாட்டைக் கற்பிக்கிறது. சிக்கல் யாது, அதன் காரணம் யாது, அதற்குச் சான்று யாது என்பன அவ்வுறுப்புகள். நோயைத் தேர்ந்து, அதன் முதலைத் தேர்ந்து, பின் தணிக்கும் வழியைத் தேர்க என்று வள்ளுவர் வகுத்த முறைமையோடு இவ்வாய்பாடு ஒத்துச் செல்வது வியப்பளிக்கிறது.

முன்னர்க் கூறிய மூதாட்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம். அறுவை மருத்துவத்திற்காகக் காத்திருக்கும் அவர் படுக்கையருகே காலையில் வைத்த தண்ணீர்க் குவளை மாலையிலும் நிறைந்தே இருக்கிறது. ஒரு செவிலியர், 'நோயாளி நீர் அருந்தவில்லை' என்று எழுதிச் செல்கிறார். எழுதியது பொய்யன்று, ஆனால் அதனைப் படிக்கும் அடுத்த செவிலியர் என்ன செய்வதென்று அறியார். 'தண்ணீர் குடியுங்கள் பாட்டி' என்று சொல்லிவிட்டுப் போவார். குவளை நிறைந்தே இருக்கும்.

வேறொரு செவிலியர் குவளையைக் கண்டு நின்று, 'ஏன் பாட்டி தண்ணீர் குடிக்கலே? தாகம் இல்லையா?' என்று வினவுகிறார். மூதாட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'குடிச்சா ஒண்ணுக்கு வருமேம்மா. இத்தனை பேர் நடுவுல சட்டி வைக்கச் சொல்லி எப்படிக் கேக்குறது?' என்று தாழ்ந்த குரலில் கூறுகிறார். இப்போது சிக்கலின் வேர் புலப்பட்டுவிட்டது. அச்செவிலியர் இவ்வாறு எழுதுகிறார்:

'உடலில் நீர்க்குறைவு ஏற்படும் நிலை. காரணம்: பிறர் முன்னிலையில் பெட்பேன் கேட்கக் கூச்சம். சான்று: காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை பருகியது 200 மில்லிலிட்டர், நாக்கு வறட்சி, சிறுநீர் அடர் மஞ்சள், "குடிச்சா ஒண்ணுக்கு வருமே" என்றார்.'

காரணம் எழுதப்பட்டவுடன் திட்டம் தானே பிறக்கிறது. படுக்கையைச் சுற்றித் திரை இடுதல், கேளாமலே மூன்று மணிக்கொருமுறை பெண் பணியாளர் பெட்பேன் வைத்தல், அறுவைக்கு முன் நீர் நிறுத்தும் நேரம் வரை மணிக்கொருமுறை சிறிது நீர் கொடுத்தல், பருகியதையும் கழித்ததையும் அளந்தெழுதல் என்பன அத்திட்டத்தின் கூறுகள். மறுநாள் இதே நேரத்தில் அளவுகளை ஒப்புநோக்கி, தேவை நிறைவேறியதா என மதிப்பிட வேண்டும். நீர்க்குறைவு தொடர்ந்திருந்தால் சிறுநீர்த் தொற்றும் மனக்குழப்பமும் நேர்ந்திருக்கும். முதுமையில் அக்குழப்பத்தைக் கண்டு, 'வயதாகிவிட்டது, உளறுகிறார்' என்று பிறர் ஒதுக்கியுமிருப்பர். ஒரு திரைச்சீலையும் ஒரு வரி எழுத்தும் தடுக்கக்கூடிய துன்பம் அது.

நோயாளர் சொல்லும் ஏட்டின் சொல்லும்

தமிழ் பயில்வோராகிய நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதி இதுவேயாகும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளர் தமிழில் முறையிடுகின்றனர். 'கேஸ் ஷீட்' என வழங்கும் நோயாளர் ஏடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. இரு மொழிகளுக்கு இடைப்பட்ட இவ்வழியில் பொருள் சிந்திப்போவதற்கு இடமுண்டு.

வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், காந்தல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், தெறிப்பு என அவை விரியும். இவை அனைத்தும் ஏட்டில் 'பெயின்' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. சொற்பாகுபாடு மருத்துவத்திற்கு இன்றியமையாதது என்பதைக் கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக் 1975-இல் நிறுவிக் காட்டினார். அவர் வகுத்த வலி வினாநிரலில் வலியை வருணிக்கும் ஆங்கிலச் சொற்கள் 78, இருபது தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. எரியும் வலியும் மின்தாக்கியது போன்ற வலியும் நரம்புக் கோளாற்றைச் சுட்டலாம். விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் வலி குடலையோ சிறுநீர்க் குழாயையோ சுட்டலாம். நோயாளி தேர்ந்தெடுத்த சொல்லே நோயின் திசைகாட்டி.

'மயக்கம்' என்னும் சொல்லைக் காண்போம். தலை சுற்றுவதையும் மயக்கம் என்பர். கண் இருண்டு வருவதையும் மயக்கம் என்பர். நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்பர். மூன்றுக்கும் காரணமும் வேறு, காப்பும் வேறு. எழுந்து நிற்கும்போது கண் இருளும் ஒருவர்க்கு, படுக்கையில் சற்று உட்கார்ந்து பின் எழச் சொல்லித் துணை நிற்பது தேவை. நினைவு தப்பியவர்க்கோ உடனடி ஆய்வு தேவை. 'மயக்கம் என்றால் என்ன செய்கிறது? சுற்றுகிறதா, இருள்கிறதா, விழுந்துவிட்டீர்களா?' என்று பிரித்துக் கேட்ட பின்னரே ஏட்டில் எழுதுதல் தகும்.

'இளைக்குது' என்று ஒருவர் கூறினால், வட்டார வழக்கிற்கேற்ப, மூச்சிரைக்கிறது என்றும் பொருள்படும். உடல் மெலிகிறது என்றும் பொருள்படும். குமட்டல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, வாந்தி ஆகிய நான்கும் வெவ்வேறு நிலைகள். எல்லாவற்றையும் 'வாமிட்டிங்' என எழுதினால் அவ்வேறுபாடு மறைந்துபோகும். 'சூடு பிடித்துக்கொண்டது' என்பார் கூறுவது பெரும்பாலும் காய்ச்சலையன்று. சிறுநீர் கழிக்கையில் எரிவதையே குறிக்கும். கால் நீரிழிவால் உணர்விழந்தவர், 'மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு' என்பார். கேட்பதற்கு இனிய உவமைபோல் தோன்றும் இத்தொடர், பாதத்தை நாள்தோறும் புண் உண்டா எனப் பார்த்துக் காக்க வேண்டிய தேவையை அறிவிக்கிறது.

இவை அனைத்தினும் அஞ்சத்தக்கது 'வாயு' என்னும் சொல். நெஞ்சு இறுக்கத்தை வாயுப் பிடிப்பு எனத் தாமே முடிவு செய்து கூறுவோர் நம்மிடையே மிகப் பலர். மாரடைப்பும் அவ்வாறே தோன்றக்கூடும். பெண்களுக்கும் முதியோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் நெஞ்சுவலி தெளிவாக வெளிப்படாமல் மூச்சுத்திணறலாகவோ, குமட்டலாகவோ, சோர்வாகவோ தோன்றுவதுண்டு. 'வாயுத் தொல்லை' என்று செவிலியர் ஏட்டில் எழுதிவிட்டால், நோயாளியின் ஊகம் மருத்துவச் செய்தியின் மதிப்பைப் பெற்றுவிடும். 'நெஞ்சின் நடுவில் இறுக்கம், அரை மணி நேரமாக, வியர்வையுடன். நோயாளி இதனை வாயு என்கிறார்' என்று எழுதினால் மருத்துவர் விரைந்து வருவார். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஓருயிர் நிற்கிறது.

கூச்சம் காரணமாகச் சுற்றிவளைத்துக் கூறப்படும் சொற்களும் உள. 'வெளிக்குப் போகல', 'வீட்டுக்குத் தூரம்' போன்றவை தமிழ் மரபின் இடக்கரடக்கல்கள். வேற்று வட்டாரத்திலிருந்து வந்த செவிலியர்க்கு இவை புரியாமற் போகலாம். தொல்காப்பிய மரபில் நாம் பயிலும் இடக்கரடக்கல் என்னும் இலக்கணக் கூறு, மருத்துவமனை வார்டில் உயிர்ப்புடன் வழங்குவதை இங்குக் காண்கிறோம்.

எனவே நோயாளியின் சொல்லை மேற்கோட் குறிக்குள் அவர் கூறியவாறே எழுதி, அதன்பின் மருத்துவச் சொல்லை எழுதுவதே சிறந்த முறை. லாரன்சு வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1960-களில் வகுத்த பதிவுமுறையும் நோயாளி உரைத்தது, நாம் கண்டது, நாம் கருதுவது, நாம் செய்யவிருப்பது என நான்கையும் தனித்தனியே எழுதச் சொல்கிறது. நோயாளி உரைத்ததே அதில் முதலிடம் பெறுகிறது.

பதிவின் இலக்கணம்

எழுத்துக்கு இலக்கணம் உண்டு. செவிலியர் ஏட்டுக்கும் இலக்கணம் உண்டு. நாளும் நேரமும் இன்றி எந்தக் குறிப்பும் எழுதலாகாது. செய்த பின்னரே எழுத வேண்டும். செய்யப் போவதைச் செய்ததாக எழுதுதல் பெரும் பிழை. 'நோயாளி தொல்லை கொடுக்கிறார்' என்பது எழுதுபவரின் எரிச்சலைக் காட்டுமேயன்றி நோயாளியைக் காட்டாது. 'இரவு 2 மணி முதல் நான்கு முறை எழ முயன்றார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார்' என்பது செய்தி. 'நன்றாக இருக்கிறார்' என்பது ஒன்றும் கூறாத வாக்கியம். 'புண் பெரிதாக உள்ளது' என்பதினும் 'நீளம் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ.' என்பதே பயனுடையது.

பிழை நேர்ந்தால் அழித்தலோ மறைத்தலோ கூடாது. எழுதியது படிக்கும்படியாக ஒற்றைக் கோடிட்டு, திருத்தி, சுருக்கொப்பமும் நாளும் இட வேண்டும். தாமே படைத்துக்கொண்ட குறுக்கச் சொற்களைத் தவிர்த்தல் வேண்டும். எழுதப்படாதது செய்யப்படாததாகவே கொள்ளப்படும் என்பது செவிலியர் கல்லூரிகளில் வழங்கும் முதுமொழி. ஒரு நோயாளியைக் காலை, மாலை, இரவு என்னும் மூன்று டியூட்டிகளில் மூன்று செவிலியர் பார்க்கின்றனர். மூவரையும் ஒருவராக்குவது ஏடே. டியூட்டி மாறும்போது படுக்கையருகே நின்று ஏட்டைப் படித்துப் பொறுப்பை ஒப்படைப்பின் நோயாளியும் அதனைக் கேட்டுத் திருத்த வாய்ப்புண்டாகும். பிறர் செவிப்படலாகாத செய்திகளை மட்டும் தனியிடத்தில் பகிர்தல் வேண்டும்; நோயாளரின் மறைவைக் காத்தலும் பதிவின் அறமேயாகும்.

இடர்ப்பாடுகள்

இவையனைத்தும் ஏட்டளவில் எளியன, நடைமுறையில் அரியன. ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்க வேண்டிய வார்டில் வினவி நிற்க நேரமில்லை என்பதை நாம் மறுக்க இயலாது. எழுதுவதற்கே நேரம் போய்விட்டால் நோயாளியைப் பார்ப்பது எப்போது என்னும் அவர்தம் வினாவிலும் நியாயம் உண்டு. கட்டங்களில் குறியிடும் படிவங்களும் கணினிப் பதிவும் இச்சுமையைக் குறைக்க வந்தவை. அவற்றால் கையெழுத்துப் புரியாமை நீங்கியது. அளவுகள் ஒரே பார்வையில் தெரிகின்றன. ஆனால் கட்டத்தில் அடங்காத தேவையும் உண்டு. கூச்சத்தால் நீர் அருந்தாத மூதாட்டிக்கு எந்தப் படிவத்திலும் தனிக்கட்டம் இராது. நேற்றைய குறிப்பை இன்றைக்கும் நகலெடுத்து ஒட்டும் வசதி, மாறிவிட்ட நோயாளியை மாறாதவராகக் காட்டிவிடும் தீங்கும் உடையது. கருவி எதுவாயினும், ஒரு வரியேனும் நோயாளியின் சொந்தச் சொல்லுக்கு அதில் இடம் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தேவையறிதல் என்பது நோக்கியும் வினவியும் தொட்டும் அளந்தும் பெறும் அறிவு என்பதும், அவ்வறிவு காரணத்தோடு கூடிய சொல்லாக ஏட்டில் ஏறும்போதே அடுத்தவர் கைக்குப் பணியாகிறது என்பதும் தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவர் சொல்லைத் தமிழுக்குக் கொணர்ந்த பணி அது. நோயாளியின் தமிழை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் பணி இன்று நமக்குரியது. தமிழ்த்துறை மாணவ மாணவியர் தத்தம் ஊரில் வலிக்கும் மயக்கத்திற்கும் மூச்சிரைப்பிற்கும் மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டலாம். ஒவ்வொரு சொல்லும் எந்நிலையைச் சுட்டுகிறது என்பதைச் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களோடு அமர்ந்து வரையறுத்து, வார்டில் தொங்கவிடத்தக்க சிறு அகராதியாக்கலாம். வட்டார வழக்காய்வு ஏடுகளில் உறங்காமல் ஒரு நோயாளியின் படுக்கையருகே பயன்படுமாயின், நாம் கற்ற தமிழ் அருகிருந்து பணி புரிவோர்க்குத் துணையாகும். தம் நிலையை உணர்த்த இயலாதாரின் குரலும் ஏட்டில் பதியும்.